அத்தை சொன்ன பச்சைச் சேலை

நமது வீட்டுத் தகரப்பெட்டியில் ஒரு வண்ணப் புகைப்படம் இருக்கிறது. 1982ஆம் ஆண்டு பதுளை ரயில் நிலையத்தில் எடுத்தது. அப்பாயியும் அவர் தங்கையும் அருகருகே நிற்கின்றனர். 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், தோட்டத்து மக்களுள் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்ததல்லவா? சின்ன அப்பாயியின் பெயரும் அந்தக் கணக்கில் அடங்கிற்று. அன்று ரயிலேறித் தலைமன்னார் சென்று, கப்பலில் இராமேஸ்வரம் சேர்ந்தவர், கோத்தகிரியில் குடியேறி அங்கேயே கண்மூடினார். சகோதரிகள் மறுபடி சந்திக்கவேயில்லை.

படம் இப்போது செங்கல் நிறமாகிவிட்டது. சின்ன அப்பாயி அன்று உடுத்தியிருந்தது பச்சைச் சேலை என்பார் அத்தை. படத்திலோ அது பழுப்பு. வயதான காலத்து மறதி என்று நாம் சிரித்ததுண்டு.

சென்ற பொங்கலன்று தம்பி மகன் அப்படத்தைக் கைத்தொலைபேசியில் ஏற்றி, ஒரு நொடியில் 'அழகாக்கி' நீட்டினான். முகங்கள் சுண்ணாம்பு பூசினாற்போல் வெளுத்திருந்தன. அத்தை நெடுநேரம் உற்றுப் பார்த்தார்.

"இது யாரு தம்பி? நம்ம சின்னம்மா கறுப்புல்ல?"

அந்தக் கேள்வி நம்மைச் சுட்டது. அன்றிரவே படத்தை ஸ்கேன் செய்து, கணினியில் 'கர்வ்ஸ்' எனும் வளைகோட்டைத் திறந்தோம்.

வண்ணப் படத்தாளில் மஞ்சள், மஜென்டா, நீலப்பச்சை என மூன்று சாயங்கள் உண்டு. அக்காலத்துத் தாள்கள் பலவற்றில், இருட்டுப் பெட்டிக்குள் வைத்திருந்தாலும், முதலில் மங்குவது நீலப்பச்சையே. சிவப்பு ஒளியைத் தடுத்து நிற்கும் காவலாளி அதுதான். காவலாளி போனபின் கேட்பானேன்?

கணினியோ ஒவ்வொரு புள்ளியையும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று சனல்களாகப் பிரித்து, 0 முதல் 255 வரை எண் இடுகிறது. 0 என்றால் அந்நிறத்து ஒளி இல்லை. 255 என்றால் முழு ஒளி. வளைகோடு முதலில் ஒரு சாய்ந்த நேர்கோடாகத்தான் இருக்கும். அதில் ஓரிடத்தைப் பிடித்து இறக்கினால், அந்த அளவிலுள்ள புள்ளிகள் யாவும் இருளும், ஏற்றினால் வெளுக்கும். மூன்று சனல்களுக்கும் தனித்தனிக் கோடுகள் உண்டு.

எதை அளவுகோலாகக் கொள்வது? சேலையைக் கொண்டால் நாம் விரும்பிய நிறத்தை நாமே பூசியதாகும். அப்பாயியின் கையில் ஒரு கறுப்புக் குடை இருந்தது. கறுப்பில் மூன்று எண்களும் ஏறக்குறைய சமமாய் இருக்கவேண்டும். குடையிலோ சிவப்பு 92, பச்சை 30, நீலம் 34! சிவப்புக் கோட்டில் மட்டும் 92ஐ 31க்கு இறக்கி, 255ஐ அசையாமல் நிறுத்தினோம். குடை கறுத்தது.

அப்புறந்தான் சேலையைப் பார்த்தோம். அதில் 140ஆக இருந்த சிவப்பு 97ஆகக் குறைந்திருந்தது. பச்சை முன்போலவே 125. சேலை பச்சை! நல்ல தேயிலைக் கொழுந்துப் பச்சை என்று சொல்லமுடியாது. சற்று வாடிய பச்சை. நீலப்பச்சைச் சாயம் அடியோடு அழிந்திருந்தால் எந்தக் கோட்டாலும் அதைக் கொணர்ந்திருக்க இயலாது.

முகத்துக்காக, மூன்று சனல்களுக்கும் பொதுவான கோட்டின் கீழ்ப்பகுதியை, கண்கள் தெரியும் வரை, சிறிதே உயர்த்தினோம். அதற்குமேல் கை வைக்கவில்லை.

காலையில் அத்தையிடம் காட்டினோம். சேலையைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை; அது அவருக்குத் தெரிந்த செய்திதானே! முகத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "ரெண்டு பிரதி எடு தம்பி, ஒண்ணு கோத்தகிரிக்கு" என்றார்.