நெல்லிக்காயும் மிளகும்

திருவண்ணாமலைக்காரர்களிடம், "சின்னக் கட்டிதானே!" என்று லேசாகச் சொல்லிவிட முடியாது. ரமண மகரிஷியின் இடக் கையில் வந்ததும் சின்னக் கட்டிதான். 1949 பிப்ரவரியில் அதை அறுத்து எடுத்தார்கள். அடுத்த மாதமே திரும்பி வந்தது. சார்க்கோமா என்னும் புற்றுநோய் என்று தெரிந்தது. மேலும் அறுவை, ரேடியம் சிகிச்சை எல்லாம் நடந்தும், 1950 ஏப்ரல் 14-ஆம் தேதி இரவு அவர் மறைந்தார். இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவள் என் அத்தை. அவள் கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒன்று புடைத்தபோது, வீட்டில் இரண்டு நாள் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

தைராய்டுக் கட்டி என்றார் டாக்டர். ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ஸ்கேன் அறை வாசலில், கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று சொல்லமாட்டோம் என்ற சட்டப் பலகை. 68 வயது அத்தை அதைப் படித்துவிட்டு, "பார்க்கிறவங்க என்னடா நினைப்பாங்க?" என்றாள். அன்று அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

காதுக்கு எட்டாத ஒலியைக் கழுத்துக்குள் அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைப் படமாக்குகிறார்கள். படத்தில் டாக்டர் பார்ப்பது கட்டியின் அளவை மட்டுமல்ல. நீர் கோத்ததா, கெட்டியானதா? சுற்றியுள்ள சதையைவிடக் கறுத்திருக்கிறதா? விளிம்பு ஒழுங்கா, பிசிறா? உள்ளே சுண்ணாம்புப் பொடி தூவினாற்போல் வெள்ளைப் புள்ளிகள் உண்டா? அகலத்தைவிட உயரம் அதிகமா? சாதுக் கட்டி சதையின் போக்கிலேயே படுத்து வளரும், பொல்லாதது குறுக்கே நிமிரும் என்பது கணக்கு. ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் உண்டு. கூட்டுத்தொகைப்படி ஒன்று முதல் ஐந்து வரை வகுப்பு. அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ரேடியாலஜி 2017-இல் வகுத்த இந்த முறைக்கு 'டைராட்ஸ்' என்று பெயர். மார்க்கு குறைந்தால் சந்தோஷப்பட வேண்டிய பரீட்சை இது.

அத்தையின் நெல்லிக்காய், பஞ்சுபோல் சிறு நீர்ப்பைகள் நிறைந்தது. முதல் வகுப்பு, ஊசிகூடக் குத்த வேண்டாம். ஆனால் மறுபக்கம், யாருமே அறியாமல், மிளகைவிடச் சற்றுப் பெரிதாக இன்னொன்று இருந்தது. ஆறு மில்லிமீட்டர். அதற்கு ஐந்தாம் வகுப்பு!

"எடுத்து எறிஞ்சுடுங்க" என்றார் மாமா. டாக்டர் அசையவில்லை. ஐந்தாம் வகுப்பானாலும் ஒரு சென்டிமீட்டரை எட்டினால்தான் ஊசி போட்டுப் பார்ப்பது. பக்கத்தில் நிணநீர்க் கட்டிகளும் பெருக்கவில்லை. வருஷத்துக்கு ஒரு முறை ஸ்கேன் போதும் என்றார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. பிறகுதான் தென் கொரியாவின் கதையைப் படித்தேன். அங்கே 1999-இல் தொடங்கிய புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தோடு கழுத்து ஸ்கேனும் ஊரெங்கும் பரவியது. 1993-க்கும் 2011-க்கும் இடையே கண்டுபிடிக்கப்பட்ட தைராய்டுப் புற்றுநோய் 15 மடங்காயிற்று. அதனால் நேரும் சாவு விகிதமோ அப்படியே இருந்தது. தொல்லையே கொடுக்காமல் கிடந்திருக்கக்கூடிய கட்டிகளுக்காகப் பலர் சுரப்பியை இழந்து, ஆயுள் முழுவதும் மாத்திரை விழுங்க வேண்டியதாயிற்று. மகரிஷியின் கையில் வந்தது வேறு ஜாதி. 'கட்டி' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டையும் போட்டுக்கொண்டு நாங்கள் பயந்திருக்கிறோம்.

பார்க்காமலே விடுவது அசட்டை. பார்த்துவிட்டு, மறுபடி பார்க்கும் நாளையும் குறித்துக்கொண்டு காத்திருப்பது பொறுமை. வெளியே நிற்பவனுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

அத்தைக்கு இந்த வியாக்கியானம் எதுவும் தேவைப்படவில்லை. "வருஷா வருஷம் தீபம் வருது. அதோட இதையும் பார்த்துட்டா ஆச்சு" என்றாள். கார்த்திகை தீபம் முடிந்த வாரத்தில் போய்ப் பார்த்துக்கொள்கிறாள். இரண்டு தீபம் ஆகிவிட்டது. மிளகு மிளகாகவே இருக்கிறது.