இன்னைக்கு உள்ளது வந்துட்டா?

மகாபாரதம் முழுவதையும் தினம் ஒரு அத்தியாயமாக எழுதப்போகிறேன் என்று அறிவித்து, 2014 ஜனவரி 1 அன்று ஜெயமோகன் தன் இணையதளத்தில் வெண்முரசைத் தொடங்கினார். எத்தனை நாளைக்கு ஓடும் என்று நண்பர்களுக்குள் பேச்சு. 2020 ஜூலையில் 26 நாவல்களோடு முடிந்தது. நாவலுக்கும் நாவலுக்கும் நடுவே இடைவெளி உண்டு. ஒன்று தொடங்கிவிட்டால் நாள் தவறாமல் வரும்.

மேலகரத்தில் எங்கள் வீட்டில் அதற்குக் காத்திருந்தவர் அப்பா. ஓய்வுபெற்ற தமிழாசிரியர். காப்பி வருவதற்கு முன்பே, "ஏல, இன்னைக்கு உள்ளது வந்துட்டா?" என்பார். போனில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுக்க வேண்டும். குற்றால சீசனில் சாரல் எங்கள் தெரு வரைக்கும் அடிக்கும். கரண்டு போகும், சிக்னலும் போகும். அன்றைக்கு அவரிடம் யாரும் பேச்சு வைத்துக்கொள்ள மாட்டோம்.

கல்கி 1950 முதல் 1954 வரை பொன்னியின் செல்வனை எழுதியது வாரப் பத்திரிகையில். வாரத்தில் ஒருநாள் காய்ச்சலை ஒளித்துவைக்கலாம். தினமும் என்பது வேறு கணக்கு.

வெண்முரசு முடிந்த பிறகும் அப்பா கேட்பதை நிறுத்தவில்லை. "முடிஞ்சிட்டுல்லாப்பா" என்றால், "சரி, வேற என்ன இருக்கு?" என்பார். அதற்காகத்தான் தினம் ஒரு பக்கம் எழுத ஆரம்பித்தேன். குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் எங்கள் ஊர்க்காரர். முதல் வாரம் அவரைப் பற்றியே ஓடியது.

வெளியிடுவதில் ஒரு வேடிக்கை. வேர்ட்பிரஸில் காலை ஐந்துக்கு என்று நேரம் குறித்துவிட்டுத் தூங்கலாம். ஆனால் அது கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. யாராவது தளத்தைத் திறந்தால்தான் பாக்கி வேலை இருக்கிறதா என்று பார்க்கும். ஆளே வராத என் தளத்தில் கட்டுரை கதவுக்குப் பின்னாலேயே நிற்கும். அந்த ஏற்பாட்டை அணைத்துவிட்டு, சர்வரின் சொந்தக் கிரானை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தட்டச் சொல்ல வேண்டும். சர்வர் கிரீன்விச் நேரத்தில் ஓடினால், நம்முடைய காலை ஐந்து அதற்கு முந்தைய இரவு பதினொன்றரை. இதையெல்லாம் ஒரு மதியத்தில் சரிசெய்துவிடலாம்.

எழுதுவதற்குக் கிரான் கிடையாது. ஒரு வாரத்துக்கு முன்கூட்டியே எழுதி அடுக்கிவிடு என்பார்கள். நல்ல யோசனைதான், எனக்கு ஒத்துவரவில்லை. நேற்று ஐந்தருவியில் தண்ணீர் கூடியது நாளைக்கு வரவேண்டிய பக்கத்தில் இருக்க வேண்டும். போன செவ்வாய்க்கிழமை எழுதிய பக்கத்தில் அது எப்படி இருக்கும்?

இப்போது அப்பாவுக்குக் கண் சரியில்லை. சிறு எழுத்து, பெரிய எழுத்து எதுவும் தெரிவதில்லை. நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். வல்லின ஒற்று விட்டுப்போனால் காதாலேயே கண்டுபிடிக்கிறார். போன மாதம் ஆபீசில் ரிலீஸ் வேலை, முடிய ராத்திரி இரண்டு மணி. ஆறு வரிதான் எழுத முடிந்தது. வாசித்து நிறுத்தினேன்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாம்ப்பா."

"மூணாவது வரியை இன்னொருக்க படி."