பேச முடியாதவரின் படுக்கையருகே

பட்டாசு ஆலை விபத்து என்பது எங்கள் விருதுநகர் மாவட்டத்தில் வெறும் செய்தியன்று, வீட்டுக் கவலை. 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் 35க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் பலர் அங்கு வேலை செய்தவர்களல்லர். புகையைக் கண்டு ஓடிச் சென்றவர்கள்.

அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, வேறோர் ஆலையில் மூண்ட தீயில் என் சிறிய தாயாரின் மகன் சிக்கினான். வெளிக்காயம் கைகளில்தான். ஆனால் சூடான புகை உள்ளே சென்றிருந்தது. தொண்டை வீங்கி அடைபடுமுன், மதுரையில் மருத்துவர்கள் வாய்வழியே மூச்சுக்குழாயினுள் ஒரு குழாயைச் செலுத்தி, அவனை வென்டிலேட்டரில் இணைத்தனர்.

அக்குழாய் குரல்நாண்களின் இடையே செல்வதால் நோயாளிக்குப் பேச்சு வராது. நானோ, மருந்து மயக்கத்தில் கிடப்பவனுக்கு ஒன்றும் கேட்காது என்றே எண்ணிக்கொண்டேன். அந்த எண்ணத்தில் நான் செய்த பிழையைப் பின்னர் சொல்கிறேன்.

பார்வை நேரத்தில் அங்கிருந்த செவிலியச் சகோதரி ஒருவரைக் கவனித்தேன். பெயர் சொல்லி அழைக்காமல் அவனைத் தொடவே மாட்டார். "தம்பி, சளி எடுக்கப் போறேன். இருமல் வரும், மூச்சு முட்டுற மாதிரி இருக்கும். பத்து எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிரும்" என்பார். ஒரு மாலை வேறொருவர் ஒன்றும் சொல்லாமல் செய்தபோது அவன் உடல் துள்ளியது. சொல்லிச் செய்தபோதும் அதே இருமல்தான். ஆனால் கண்களில் அந்த மிரட்சி இல்லை.

தலைப்பக்கத்தை உயர்த்தி வைப்பது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது ஆகியவையெல்லாம் ஒழுங்காக நடந்தன. வாய் வறட்சிதான் பெருந்துன்பம். குழாய் இருக்கையில் தண்ணீர் புகட்டலாகாது, நுரையீரலுக்குள் இறங்கிவிடும். குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் அவர் உதட்டையும் நாவையும் ஒற்றியெடுப்பார். நோன்பின் தாகத்துக்கு மஃரிபு என்றொரு நேரம் உண்டு. அவனுடைய தாகத்துக்கு அது இல்லை.

மருந்தின் அளவைக் குறைத்ததும் அவன் கண் விழித்தான். கைகளில் கட்டு, எழுத இயலாது. ஆசிரியனாயிற்றே, தமிழ் எழுத்துகள் அனைத்தையும் ஓர் அட்டையில் வரிசையாக எழுதிச் சென்றேன். செவிலியர் சிரித்துவிட்டார். "மூச்சுக்குப் போராடுறவருக்கு எழுத்துக் கூட்ட முடியுமா, பாய்? ஆறு சொல் போதும்" என்றார். வலி, சளி, தாகம், குளிர், பயம், அம்மா என்று எழுதினேன். ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினால் வேண்டியதற்குக் கண் சிமிட்ட வேண்டும். முதல்நாள் அவன் சிமிட்டியது 'பயம்' என்ற சொல்லுக்கு. செவிலியர் அட்டையை வைத்துவிட்டு, அவன் தோளில் கைவைத்துச் சற்றுநேரம் நின்றார்.

ஒன்பதாம் நாள் குழாயை அகற்றினார்கள், அல்ஹம்துலில்லாஹ். கரகரத்த குரல் திரும்ப மேலும் இரண்டு நாளாயிற்று.

"அண்ணே, மாமாவும் நீங்களும் கால்மாட்டுல நின்னு மையவாடியில இடம் பார்க்கிறதைப் பத்திப் பேசினீங்க. கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

எனக்கு நா எழவில்லை. அவன் கோபமாகச் சொல்லவில்லை என்பதே இன்னும் வலித்தது.

"அந்த அக்காதான் தினமும் காலையில வந்து, இன்னைக்கு என்ன கிழமைன்னு சொல்லுவாங்க" என்றான்.