வலி போச்சு, வாதம் போச்சா?

எங்க அம்மா தையல் மெஷினைத் தொட்டே மூன்று வருஷம் ஆகப் போகிறது. அதற்கு முன்னாடி, தீபாவளி வந்தால் ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் வீட்டில் டகடக சத்தம்தான். முடக்கு வாதம் வந்த பிறகு ஊசியில் நூல் கோர்க்கக்கூட விரல் ஒத்துழைப்பதில்லை. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்குக் கை கட்டை மாதிரி இருக்கும்.

போன வருஷம் பக்கத்து வீட்டு அத்தை சொல்லி அக்குபஞ்சருக்குப் போனோம். வெறும் ஊசி இல்லை, கரண்ட் வைக்கிற ஊசி. எலக்ட்ரோ அக்குபஞ்சர் என்கிறார்கள். கையிலும், முழங்கால் சில்லுக்கு நாலு விரல் கீழே காலின் வெளிப்பக்கமாகவும் முடி போல மெல்லிய ஊசிகள். அதில் கிளிப் மாட்டி, ஒயரை ஒரு சின்னப் பெட்டியில் இணைத்தார்கள். திருகைத் திருப்பியதும் காலில் சதை லேசாகத் துடித்தது.

"ஷாக் அடிக்குதாம்மா?" என்றேன்.

"இல்லடி, எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு." வாழ்நாள் முழுக்க ஊசியோடு பழகியவளுக்கு என்ன பயம்!

ஆறு தடவை போய் வந்ததும் அம்மா ராத்திரி முழுக்கத் தூங்கினாள். எங்களுக்கு அத்தனை சந்தோஷம். அப்புறம்தான் அந்தத் தப்பு நடந்தது. "வலியே இல்லையே, இனிமே மாத்திரை எதுக்கு?" என்று வாரம் ஒரு தடவை போடும் மாத்திரையை நிறுத்திவிட்டாள். அந்த மாத்திரை வயிற்றைப் புரட்டும் என்பதால் நானும் தலையாட்டினேன். இரண்டு மாதத்தில் விரல் மூட்டுகள் பழையபடி வீங்கிவிட்டன. ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு டாக்டர் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

அப்படியானால் ஊசி எங்களை ஏமாற்றியதா? அந்தக் கேள்விதான் என்னைப் படிக்க வைத்தது. நான் பி.காம். கடைசி வருஷம். பயாலஜியைப் பத்தாம் வகுப்போடு தலைமுழுகியவள். தப்பு இருந்தால் டாக்டருக்குப் படிக்கிறவர்கள் திருத்துங்கள்.

முதலில் வலி எப்படி வருகிறது? மூட்டில் அழற்சி வந்தால் அங்கே சில ரசாயனங்கள் சுரந்து நரம்பு நுனிகளை உசுப்பிவிடுகின்றன. சாதாரணமாகத் தொட்டாலே 'ஐயோ' என்று செய்தி போகும். செய்தி தண்டுவடம் வழியாக மூளைக்கு ஏறுகிறது. எங்கே வலிக்கிறது என்று மூளையின் ஒரு பகுதி சொல்ல, அது எவ்வளவு வேதனை என்று இன்னொரு பகுதி சொல்கிறது. அதாவது நோய் விரலில் இருந்தாலும் வலி என்று நாம் உணர்வது மூளையில்தான்.

மூளை சும்மா கேட்டுக்கொண்டிருப்பதும் இல்லை. நடுமூளையிலிருந்து கீழே தண்டுவடத்துக்கு இறங்கும் ஒரு பாதை உண்டு. 'போதும், சத்தத்தைக் குறை' என்று அது உத்தரவு போடும். கரண்ட் ஊசி முக்கியமாகத் தட்டி எழுப்புவது இந்தப் பாதையைத்தான்.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது சுவாரசியமான கதை. பீஜிங்கில் ஹான் ஜீஷெங் என்ற விஞ்ஞானி 1965-ல் இந்த ஆராய்ச்சியைத் தொடங்கினார். அக்குபஞ்சர் செய்த முயலின் மூளைத் தண்டுவடத் திரவத்தை எடுத்து, ஊசியே குத்தாத இன்னொரு முயலுக்குச் செலுத்தினார்கள். அதற்கும் வலி தாங்கும் சக்தி கூடியது! ஏதோ ரசாயனம் சுரக்கிறது என்பது புரிந்தது. 1975-ல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஹியூஸும் காஸ்டர்லிட்ஸும் என்கெஃபலின் என்ற பொருளை மூளையில் கண்டுபிடித்தார்கள். நம் உடம்பே தயாரிக்கும் மார்ஃபின் மாதிரி அது. 1977-ல் அமெரிக்காவில் டேவிட் மேயர் குழு, அக்குபஞ்சரால் பல் வலி குறைந்தவர்களுக்கு, மார்ஃபினை முறிக்கும் நலோக்சோன் மருந்தைக் கொடுத்தது. குறைந்த வலி திரும்பி வந்தது.

பெட்டியில் இருக்கும் திருகுக்கும் அர்த்தம் உண்டு. விநாடிக்கு 2 துடிப்பு வைத்தால் என்கெஃபலின், எண்டார்ஃபின் வகையும், 100 துடிப்பு வைத்தால் டைனார்ஃபின் வகையும் சுரக்கின்றன என்று ஹான் குழுவே பின்னால் காட்டியது.

இன்னொன்று, நம்ம மிளகாய் சமாசாரம். மிளகாய்க் காரத்தையும் 43 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டையும் உணரும் கதவு ஒன்று நரம்பில் இருக்கிறது. பெயர் டிஆர்பிவி1. 1997-ல் இதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் நோபல் பரிசு கிடைத்தது. அழற்சி வந்தால் இந்தக் கதவு லேசில் திறந்துகொள்ளும். தைவான் ஆராய்ச்சியாளர்கள் சுண்டெலியின் பாதத்தில் வீக்கம் உண்டாக்கிப் பார்த்தபோது, இதன் அளவு தண்டுவடத்திலும் மூளையிலும்கூட ஏறியிருந்தது. அம்மாவுக்குக் குத்திய அதே முழங்கால் இடத்தில் கரண்ட் ஊசி வைத்ததும் இறங்கியது.

இவ்வளவும் ஊசிக்குச் சாதகமான வரவு. செலவுப் பக்கத்தையும் எழுதினால்தானே கணக்கு! 2007-ல் ஜெர்மனியில் 1162 முதுகுவலிக்காரர்களிடம் பெரிய சோதனை ஒன்று நடந்தது. கரண்ட் இல்லாத சாதாரண ஊசிதான். முறையான இடத்தில் குத்தியவர்களில் 47.6 சதவீதம் பேருக்குக் குணம் தெரிந்தது. சம்பந்தமில்லாத இடத்தில் மேலோட்டமாகக் குத்தியவர்களிலும் 44.2 சதவீதம்! வழக்கமான சிகிச்சையில் 27.4 தான். 'நமக்குச் சரியாகும்' என்ற எதிர்பார்ப்புக்கும் இதில் பெரிய பங்கு இருக்க வேண்டும். அந்த எதிர்பார்ப்பும் மூளையின் அதே உத்தரவுப் பாதையைப் பயன்படுத்துகிறது என்பதுதான் வேடிக்கை.

அழற்சியையே ஊசி குறைக்காதா? 2021-ல் ஹார்வர்டின் சியூஃபூ மா குழு, சுண்டெலியின் பின்னங்காலில் குறைந்த கரண்ட் வைத்தால் ஒரு குறிப்பிட்ட நரம்பு வகை வழியாக உடம்பின் அழற்சி தணிவதைக் காட்டியது. ஆனால் அது பாக்டீரிய நஞ்சு செலுத்திய எலி. எங்க அம்மாவின் வாதம், சொந்த எதிர்ப்புச் சக்தியே வருஷக்கணக்கில் மூட்டை அரிக்கிற நோய். இரண்டும் ஒன்றில்லை.

ஆக, ஊசி ஏமாற்றவில்லை. தன் வேலையை மூளையில் ஒழுங்காகச் செய்தது. நாங்கள்தான் கணக்கைத் தப்பாகப் படித்தோம். கடன்காரன் கதவைத் தட்டுவதை நிறுத்திவிட்டால் கடன் அடைந்துவிட்டது என்று அர்த்தமா?

இப்போது அம்மா மாத்திரையும் போடுகிறாள், டாக்டரிடம் சொல்லிவிட்டு ஊசிக்கும் போகிறாள். ஞாயிற்றுக்கிழமை மாத்திரையை எடுத்துக் கொடுப்பது என் பொறுப்பு. வலி இல்லாத வாரங்களில்தான் அதிகமாக ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது.

போன வாரம் என் சுடிதாரில் பிரிந்திருந்த தையலை அவளே கையால் தைத்துக் கொடுத்தாள். நூல் மட்டும் நான் கோர்த்தேன்.