ராகியின் முதல் மூன்று வாரம்

2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்ததிலிருந்து ராகியைப் பற்றி ஒரே பாட்டுதான்: வறட்சியைத் தாங்கும், வெயிலைத் தாங்கும், விதைத்துவிட்டால் போதும். தேன்கனிக்கோட்டை, சூளகிரிப் பக்கத்து மானாவாரிச் செம்மண்ணில் நாற்றைப் பிடுங்கி வேரைப் பார்க்கும் எங்களுக்கு இந்தப் பேச்சு ஆத்திரமூட்டுகிறது. தாங்குவது தூர்கட்டிய பயிர்; மூன்று வாரத்து நாற்றுக்கு அந்தத் திறம் வந்திருக்காது. கோதுமை மணி சுமார் 40 மில்லிகிராம். முளைக்கையிலேயே மூன்று முதல் ஆறு விதைவேர் விடும். ராகி மணி 3 மில்லிகிராம் தேறினால் அதிகம். அது விடுவதோ ஒற்றை வேர். கணுவேர் இறங்கும்வரை நாற்று அந்த நூலை நம்பித்தான் பிழைக்க வேண்டும். கணுவேர் புறப்படுவது தரையை ஒட்டிய கணுவிலிருந்து. அங்கே ஓரங்குல மண் காய்ந்து கிடந்தால், ஒரு சாண் கீழே ஈரம் இருந்தும் பயனில்லை. பிடுங்கிப் பார்த்தால் அடிக்கணுவில் குட்டை வெள்ளை வேர்முனைகள் மண்ணில் இறங்காமல் கருகி நிற்கும். கர்நாடகத்து மண்டியாவில் ராகி விஞ்ஞானி லட்சுமணய்யா இந்திய, ஆப்பிரிக்க ராகிகளை இணைத்து உருவாக்கிய இண்டாஃப் ரகங்கள் விளைச்சலை எங்கோ கொண்டுபோயின. ஆனாலும் எந்த ரகத்துக்கும் முளைக்கையில் வேர் ஒன்றுதான்.

ராகி சி4 பயிராயிற்றே, வெயில் என்ன செய்யும் என்று படித்தவர்கள் கேட்கிறார்கள். சி4 என்பது இலை கரியமில வாயுவைப் பிடிக்கும் முறை. இலை விரியும்வரை முளைக்குச் சாப்பாடு விதையிலுள்ள மாவுதான். சூடு ஏறினால் சுவாசம் கூடி அது சீக்கிரம் தீர்ந்துவிடும். விரிந்த இலையும் நீராவி விட்டுத்தான் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. தண்ணீர் குறைந்தால் இலைத்துளை மூடும். மூடினால் இலை கொதிக்கும். வெப்பத்தையும் வறட்சியையும் தனித்தனியே சோதித்துக் கூட்டிப் போடுவது அதனால்தான் கணக்காகாது. இன்றைய ஆய்வுக்கூடங்களிலோ பெட்ரித்தட்டில் காகிதம் விரித்து, தண்ணீரை விதைக்கு எளிதில் விடாத பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசலை ஊற்றி, சில நாளில் வேர்நீளம் அளந்து, வறட்சி தாங்கும் ரகம் என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். நிறைய ரகங்களை முதலில் சலிக்க அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் தட்டிலுள்ள காகிதம் இறுகாது. செம்மண் காயக் காய இறுகும். மழை அடித்து வெயில் ஏறினால் பொறுக்குத் தட்டி முளையை வெளியே விடாது. விதைச் சான்றுக்கு ராகியில் குறைந்தது 75 சதவீத முளைப்பு வேண்டும்; அதுவும் ஆய்வுக்கூட ஈரத்தில் எடுத்த கணக்கே.

நாற்றின் இந்த முதல் வாரத் தவிப்புக்கு விதையைக் கடினப்படுத்தும் முறை இருக்கிறது. கிலோவுக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு மணி நேரம் ஊறவைத்து வடித்து, ஈரச் சாக்கில் இரண்டு நாள் கட்டிவைத்து, முளை வெடிக்கும் அடையாளம் கண்டதும் நிழலில் பழைய ஈரப்பதத்துக்கு உலர்த்தி விதைக்க வேண்டும். ஒருமுறை விழித்து அடங்கிய விதை, கிடைக்கும் சிறு ஈரத்திலேயே வேகமாக வேர்விடும். மேல்மண் காயும் முன் கீழே இறங்கும். ஊர்க்காரர்கள் சிப்காட் தொழிற்பேட்டை ஆலைகளுக்கு வேலைக்குப் போன பின் இதற்கெல்லாம் ஆள் ஏது என்கிறார்கள். களையெடுப்புக்கு ஆள் இல்லை என்றால் ஒப்புக்கொள்ளலாம். நேரடி விதைப்புக்கு ஏக்கருக்கு ஐந்தாறு கிலோ விதைதான். அதற்கு ஒரு குடமும் ஒரு சாக்கும் போதும்.