பதினோராம் மணிக் கூலி

என் அம்மாவுக்கு எதைப் பார்த்தாலும் ஒரு வசனம் நினைவுக்கு வந்துவிடும். பாளையங்கோட்டைப் பக்கம் ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கிழக்கு தில்லியில் எங்கள் நான்காவது மாடி வீட்டுக்கு வந்த பிறகும் பழக்கம் மாறவில்லை. இன்வெர்ட்டர் பாட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற நான் மறந்துபோய், ஒரு ஜூன் மாத ராத்திரி வீடே இருட்டில் கிடந்தபோது, விசிறியபடியே சொன்னார்: "விளக்குக்கு எண்ணெய் எடுத்துட்டுப் போகாத அஞ்சு பொண்ணுங்க கதைதான் இது." ஸ்கூட்டர் சாவி தொலைந்தால், காணாமல் போன ஒற்றைக் காசுக்காக வீடு முழுக்கப் பெருக்கிய பெண் வந்துவிடுவாள். குழம்பில் உப்புக் குறைந்தால் கேட்கவே வேண்டாம்.

எனக்கு இதில் எரிச்சல் உண்டு. தமிழ் எம்.ஏ. படித்தவன். உவமைக்கும் பொருளுக்கும் உள்ள ஒப்புமை வினை, பயன், மெய், உரு ஆகிய நான்கில் ஒன்றில் அமையும் என்று தொல்காப்பிய உவமவியலில் படித்தவன். அம்மாவின் உவமைகள் நான்கிலும் பொருந்தாதவை என்று கேலி செய்வேன். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கங்களில் அன்றாட வாழ்க்கையிலிருந்து எடுத்துக் கோக்கப்படும் பாடங்களைக் கேட்டாலும் எனக்குக் கொட்டாவிதான் வரும். வாழ்க்கை என்ன, போதகருக்கு உதாரணம் சப்ளை செய்யவா நடக்கிறது?

2019 செப்டம்பர் வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருட மழையில் எங்கள் குளியலறைச் சுவர் ஓதம் பிடித்து, பூச்சு பாளம் பாளமாக உதிர ஆரம்பித்தது. தில்லியில் இதற்கு லேபர் சௌக்குக்குத்தான் போக வேண்டும். பெரிய சாலைகள் சந்திக்கும் இடங்களில் விடிந்ததும் கூட்டம் கூடிவிடும். கொத்துக்கரண்டி வைத்திருப்பவர் மிஸ்திரி. பிரஷ் வைத்திருப்பவர் பெயிண்டர். கையில் எதுவும் இல்லாதவர் பேல்தார், அதாவது சித்தாள். பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்தவர்களே அதிகம். ஸ்கூட்டரை நிறுத்தினால் பத்துப் பேர் சூழ்ந்துகொள்வார்கள். ஒருவரைத் தேர்ந்தெடுத்ததும் மற்ற ஒன்பது பேரும் பேசாமல் விலகிப் போவார்கள். பத்து மணிக்குமேல் கூட்டம் கரைந்துவிடும்.

ஒரு மிஸ்திரியையும் ஒரு பேல்தாரையும் அழைத்து வந்தேன். பேல்தாருக்கு நாள் கூலி 500 ரூபாய். பழைய பூச்சைக் கொத்திப் போட்டதில் எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்கு குப்பை சேர்ந்தது. செங்கல் உடைசலை லிஃப்டில் ஏற்றக்கூடாது, ஆறு மணிக்குள் வாசலைவிட்டு அகற்றிவிட வேண்டும் என்பது குடியிருப்பின் விதி. ஒரே பையனால் முடியாது என்று தெரிந்ததும் நாலரை மணிக்கு மறுபடி சௌக்குக்கு ஓடினேன். யாரும் இருக்கமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். ஒருவர் இருந்தார். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். மூடிய டீக்கடையின் நிழலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

"இவ்வளவு நேரம் இங்கே என்ன செய்கிறீர்கள்?" என்று இந்தியில் கேட்டேன்.

"யாரும் கூப்பிடலை, பாபுஜி" என்றார்.

சட்டென்று ஏதோ இடறியது. இந்தக் கேள்வியையும் இந்தப் பதிலையும் எங்கேயோ கேட்டிருக்கிறேன். ஆனால் மணி பார்க்கும் அவசரத்தில் அதைத் தள்ளிவிட்டு அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டேன்.

சிமெண்ட் சாக்குகளில் உடைசலை அள்ளி நான்கு மாடி இறங்கி ஏறினார்கள். ஆறு மணிக்கு வாசல் சுத்தம். பையனுக்கு 500. பெரியவருக்கு மனதுக்குள் கணக்குப் போட்டேன். எட்டு மணி நேரத்துக்கு 500 என்றால் ஒன்றரை மணி நேரத்துக்கு 94 ரூபாய். நான் 150 கொடுத்தேன். வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டு போனார். தாராளமாக நடந்துகொண்ட நிறைவோடு கை கழுவினேன்.

அம்மா கேட்டார்: "ஏய்யா, அந்தப் பெரியவருக்கு எவ்வளவு குடுத்த?"

கணக்கைச் சொன்னேன். 56 ரூபாய் கூடுதலாகக் கொடுத்ததையும் சொன்னேன்.

"அவர் வீட்ல ராத்திரி ஒன்றரை மணி நேரத்துக்குத்தான் பசிக்குமா?"

வசனம் எதுவும் சொல்லவில்லை. அவ்வளவுதான் கேட்டார்.

அன்று இரவு மத்தேயு சுவிசேஷத்தின் 20-ஆம் அதிகாரத்தை எடுத்தேன். தெரிந்த கதைதான். திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் விடியற்காலையில் ஒரு நாள் கூலி பேசி ஆட்களைத் தோட்டத்துக்கு அனுப்புகிறார். மூன்றாம், ஆறாம், ஒன்பதாம் மணிகளிலும் போய் ஆள் சேர்க்கிறார். பதினோராம் மணிக்கும் சந்தைவெளியில் சிலர் நிற்கிறார்கள். ஏன் என்று கேட்டால், யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை என்கிறார்கள். அவர்களையும் அனுப்புகிறார். மாலையில் எல்லோருக்கும் ஒரே கூலி. காலையில் வந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள்.

சிறுவனாக இருந்தபோது பதினோராம் மணி என்றால் காலை 11 என்றே நினைத்திருந்தேன். அதனால் முணுமுணுத்தவர்கள் மேல் பெரிய அனுதாபம் வந்ததில்லை. சூரிய உதயத்திலிருந்து எண்ணும் அந்தக் கால வழக்கப்படி அது மாலை 5 என்று பின்னால்தான் தெரிந்தது. கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையினரும் சேர்ந்து 1995-இல் வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பில் நேரடியாகவே ஐந்து மணி என்று போட்டிருக்கிறார்கள். பழைய மொழிபெயர்ப்பில் 'பணம்' என்று இருந்த கூலி, புதியதில் 'தெனாரியம்' ஆகியிருக்கிறது. மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் அந்த அந்நியச் சொல் எனக்கு உறுத்தியதுண்டு. ஆனால் அந்த ரோம வெள்ளிக்காசு நமக்கு அந்நியமல்ல. இயேசு வாழ்ந்த காலத்தில் ஆண்ட அகஸ்டஸ், திபேரியஸ் ஆகியோரின் தெனாரியங்கள் கோவை, கரூர் வட்டாரங்களில் குவியலாகவே கிடைத்திருக்கின்றன. பாலஸ்தீனத்தில் அது ஒரு கூலியாளின் ஒரு நாள் சம்பளம். ஒரு குடும்பத்தின் ஒரு நாள் சாப்பாடு. பாதிக் காசு கொடுத்தால் பாதிக் குடும்பம் சாப்பிடும். கதையின் சூட்சுமம் அந்தக் காசில் இருக்கிறது. நான் அதை வெறும் நாணயப் பெயராக எண்ணிக் கடந்துபோயிருக்கிறேன்.

கதையில் முணுமுணுத்தவர்கள் கூலியாட்கள். எங்கள் வீட்டில் 500 வாங்கிய பையன் ஒன்றும் சொல்லவில்லை. கணக்குப் போட்டு முணுமுணுத்தவன், கூலி கொடுத்த நான்தான்.

அது முதல் முறையும் அல்ல. 2018 தீபாவளியின்போது ஓர் அலுவலகத்தில் ஒப்பந்த மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். பண்டிகைத் தொகை எல்லோருக்கும் சமமாக அறிவிக்கப்பட்டது. இரண்டு மாதத்துக்கு முன் சேர்ந்த பெண்ணுக்கும், ஒன்பது வருடம் உழைத்த எனக்கும் ஒரே தொகையா? அனுபவத்துக்கு மரியாதை வேண்டும் என்று நிர்வாகத்துக்கு நல்ல தமிழில் ஒரு கடிதம் எழுதினேன். கடிதம் பலித்தது. எனக்கு ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை. அந்தப் பெண்ணின் தொகை பாதியானது. யார் எழுதிய கடிதம் என்று அவளுக்குத் தெரியாது. பண்டிகைக்கு முதல் நாள் என் மேஜைக்கு வந்து ஒரு டப்பா சோன் பப்டி கொடுத்துவிட்டுப் போனாள். நான் சாப்பிட்டேன்.

இந்தக் கதை பிரசங்க மேடையோடு நின்றுவிடவும் இல்லை. ஜான் ரஸ்கின் 1860-இல் எழுதிய பொருளாதாரக் கட்டுரைகளின் தலைப்பே இதிலிருந்து எடுத்ததுதான். 1904-இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குப் போகும் ரயிலில் காந்தி அதைப் படித்தார். ராத்திரி தூக்கமே வரவில்லை என்று சுயசரிதையில் எழுதுகிறார். வக்கீல் வேலைக்கும் நாவிதர் வேலைக்கும் ஒரே மதிப்புதான் என்பது அவர் எடுத்துக்கொண்ட பாடங்களில் ஒன்று. 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகையை ஃபீனிக்ஸ் பண்ணைக்கு மாற்றினார். நிறமோ நாடோ பாராமல் தலைக்கு மாதம் 3 பவுன் என்பது ஏற்பாடு. 1908-இல் அந்தக் கட்டுரைகளைக் குஜராத்தியில் தழுவி எழுதியபோது 'சர்வோதயா' என்று பெயர் வைத்தார். தொடக்கத்தில் அந்தப் பத்திரிகையில் தமிழ்ப் பகுதியும் உண்டு. நான் அங்கே தமிழ்ப் பகுதிக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தால், 3 பவுனைப் பார்த்ததும் ஒரு கடிதம் எழுதியிருப்பேன்.

மறுநாள் காலை 350 ரூபாயோடு சௌக்குக்குப் போனேன். பெரியவர் இல்லை. அடுத்த நாளும் இல்லை. பெயர் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. பெயர் தெரியாமல் எப்படி விசாரிப்பது? ஒரு வாரம் அலைந்துவிட்டு, பணத்தை அம்மாவின் வேதாகமத்தில் அந்த அதிகாரத்துக்கு நடுவில் செருகி வைத்தேன். "வேதாகமத்துக்குப் பசிக்காதுய்யா" என்றார் அம்மா. ஆனாலும் எடுக்க எனக்கு மனம் வரவில்லை. எந்தக் காலையிலாவது கண்ணில் படுவார் என்று நம்பினேன்.

2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. மறுநாள் சௌக்கில் ஒருவரும் இல்லை. நான்கு நாள் கழித்து, எங்கள் பக்கத்து ஆனந்த் விஹார் பேருந்து நிலையத்தில் ஊர் திரும்பத் துடித்த ஆயிரக்கணக்கானவர்கள் திரண்டார்கள். மூட்டையும் குழந்தையுமாகச் சாலையில் அவர்கள் நடந்துபோவதை பால்கனியிலிருந்து பார்த்தோம். அம்மா எதுவும் சொல்லாமல் உள்ளே போய் வேதாகமத்தைத் திறந்து அந்த 350 ரூபாயை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். கீழே கடையில் ரொட்டியும் வாழைப்பழமும் வாங்கி வாசலில் நின்று கொடுத்தேன். ஒவ்வொரு முகத்தையும் பார்த்தேன். அவர் வரவில்லை. அல்லது முகத்தில் சுற்றிய துண்டுக்குள் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அரை நாள் கூலி கிடையாது. எந்த நேரத்துக்கு வந்தாலும் ஒரு நாள் கூலி. பெயரையும் கேட்டுக்கொள்கிறேன். "உங்களுக்குக் கணக்கு வராது" என்று மிஸ்திரிகள் சிரிக்கிறார்கள். அம்மாவின் உவமைகளைக் கேலி செய்வதையும் நிறுத்திவிட்டேன். அவை பொருந்தாதவை என்று நினைத்தது, நான் எப்போதும் என்னைத் தோட்டக்காரரின் இடத்தில் வைத்துப் பார்த்ததால்தான்.

வாசலில் வேறு யாருக்கோ கொடுத்ததால் கடன் தீர்ந்துவிடவில்லை. அந்தப் பெரியவருக்கு 350 ரூபாய் இன்னும் பாக்கி.