மயங்க வைத்தல்

கூறியது கூறல், மயங்க வைத்தல் ஆகிய இரண்டையும் நன்னூலார் பத்துக் குற்றங்களுள் எண்ணினார். ஆங்கிலம் எழுதும் நம் மாணாக்கர் முன்னதற்கு அஞ்சிப் பின்னதில் வீழ்கின்றனர்.

கட்டணச் சலுகை வேண்டி மாணவர் ஒருவர் வரைந்த விண்ணப்பத்தை அனுப்புமுன் என்னிடம் காட்டினார். ‘மை பிரதர் டோல்ட் மை பாதர் தட் ஹீ ஹாட் லாஸ்ட் ஹிஸ் ஜாப்’ என்றிருந்தது. வேலை இழந்தவர் தமையனாரா, தந்தையாரா? வினவியபோது, தமையனாரே என்றும், அவர் ஊதியமே குடும்பத்திற்கு ஆதாரம் என்றும் கூறினார். தமிழில் ‘தன் வேலை’ என்றால் சொன்னவனையே குறிக்கும்; ஆங்கில ‘ஹிஸ்’ இருவர்க்கும் பொது. ஆதலின் ‘மை பிரதர்’ என்பதையே மீண்டும் எழுதுமாறு சொன்னேன். ஐயம் நீங்குமாயின் கூறியது கூறலும் குற்றமாகாது.

சொல்லிலும் இவ்வாறே. கல்லூரிப் படிப்பை முடித்ததற்கு ‘பாஸ்ட் அவுட்’ என்பது நம் நாட்டு வழக்கு. பிற நாட்டார் பலர்க்கு அது மூர்ச்சையுற்றதைக் குறிக்கும். ‘கிராஜுவேட்டட்’ எனின் எங்கும் விளங்கும்.

எழுத்திலோ, ‘பிரின்சிபல்’ என்னும் ஓரொலிக்கு இரு சொற்கள் உள. ‘பி, ஏ, எல்’ என முடிவது கல்லூரித் தலைவர். ‘பி, எல், ஈ’ என முடிவது கொள்கை. இரண்டும் அகராதிச் சொற்களாதலின், கணினியின் பிழைதிருத்தியும் சிலவேளை இதனை விட்டுவிடும்.

நண்பர்களே, நம் கடிதத்தைப் படிப்பவர் நம்மிடம் வினவ இயலாதவர். அவர் கண்கொண்டு ஒருமுறை படித்த பின்னரே அனுப்புவோமாக.